மாத்திரை ஒன்று என்ன விலை? மருந்துக்கடைத் தள்ளுபடி, புள்ளி, கூப்பன்: ஓர் எளிய விளக்கம்

அம்மாவுக்கு மாதா மாதம் ஐந்து வகை மாத்திரை வாங்க வேண்டும். சர்க்கரைக்கு இரண்டு, இரத்தக் கொதிப்புக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று. பாபநாசம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து கும்பகோணம் போய் வாங்கி வருவது என் பொறுப்பு. 2021 முதல் ஒரே கடையில்தான் வாங்கினோம். ஒவ்வொரு பில்லின் அடியிலும் ‘இன்று நீங்கள் சேமித்தது’ என்று ஒரு தொகை அச்சாகி வரும். ஒரு மாதம் 212 ரூபாய், இன்னொரு மாதம் 230 ரூபாய். அந்த வரியை மட்டும் அம்மா படிக்கச் சொல்லிக் கேட்பார், கேட்டு மகிழ்வார்.

ஒருநாள் பழைய பில்களைத் தேதிவாரியாக அடுக்கிக் கூட்டிப் பார்த்தேன். சேமித்ததாக அச்சான தொகை ஆண்டுக்கு ஆண்டு கூடியிருந்தது. நாங்கள் கொடுத்த தொகையும் ஆண்டுக்கு ஆண்டு கூடியிருந்தது. மாத்திரைகள் மட்டும் அதே ஐந்து. சேமித்த பணம் எங்கே போனது என்று அம்மா கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றிலிருந்து ஒரு நோட்டுப் போட்டு மருந்து வாங்கும் கணக்கை எழுதத் தொடங்கினேன். அப்பா அம்மாவுக்கு மருந்து வாங்கும் பொறுப்பு புதிதாகக் கைக்கு வந்திருப்பவர்களுக்காக, அந்த நோட்டு கற்றுக்கொடுத்ததை இங்கே எழுதுகிறேன்.

கொசுறும் புள்ளியும்

சந்தையில் காய் வாங்கி முடித்ததும் கடைக்காரம்மா ஒரு கொத்து கறிவேப்பிலையும் இரண்டு பச்சை மிளகாயும் பையில் போடுவார். அதுதான் கொசுறு. அடுத்த வாரமும் இவரிடமே வர வேண்டும் என்ற எண்ணம் நமக்கு வருவதற்காகத் தருவது. வாடிக்கையாக வருபவர் என்பதால்தான் நமக்கு வாடிக்கையாளர் என்று பெயர். கொசுறுக்கு நிபந்தனை இல்லை, கெடு இல்லை, போன் நம்பர் கேட்பதில்லை. கையில் விழுந்த அந்த நொடியே அது நம்முடையது.

பெரிய கடைகளின் புள்ளித் திட்டம் இதே கொசுறைக் கணக்கில் வைத்துத் தருவது. இன்று வாங்கினால் இன்று தராமல், அடுத்த முறை வரும்போது கழித்துக்கொள்கிறோம் என்று எழுதி வைப்பது. அமெரிக்காவில் 1896-இல் தொடங்கிய ஸ்பெர்ரி அண்ட் ஹட்சின்சன் நிறுவனம் பச்சைத் தபால்தலை போன்ற வில்லைகளைக் கடைகளுக்கு விற்றது. பொருள் வாங்குபவர்களுக்குக் கடைக்காரர் அந்த வில்லைகளைக் கொடுப்பார். அவற்றைப் புத்தகத்தில் ஒட்டிச் சேர்த்து வீட்டுப் பொருள்களாக மாற்றிக்கொள்ளலாம். பிறகு விமான நிறுவனங்கள் இந்த வழியைப் பிடித்துக்கொண்டன. அங்கே மருந்துக்கடைகளும் வந்து சேர்ந்தன. சிவிஎஸ் என்ற பெரும் கடைத்தொடர் 2001-இல் ‘எக்ஸ்ட்ராகேர்’ என்ற திட்டத்தை நாடு முழுவதும் கொண்டுவந்தது. அதில் பெரும்பாலான பொருள்களுக்கு 2 சதவீதம் திரும்பக் கிடைக்கும்.

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போய்வரும் நம் ஊர்ப் பெரியவர்கள், அங்கே மருந்துக்கடையில் பற்பசை ஏறக்குறைய இலவசமாகவே கிடைத்தது என்று சொல்வதுண்டு. அது உண்மையாக இருக்கலாம். அங்கே மருந்துக்கடை என்பது சோப்பு, ஷாம்பு, பிஸ்கட் எல்லாம் விற்கும் இடம். தயாரித்த நிறுவனத்தின் கூப்பன் ஒன்று, கடையின் கூப்பன் ஒன்று என இரண்டையும் ஒரே பொருளுக்குச் சேர்த்துக் கொடுக்க முடியும். அதற்கு மேல் புள்ளியும் உண்டு. ஆனால் மருத்துவர் எழுதிய மருந்துக்கு அங்கே கணக்கு வேறு. நடுவில் காப்பீடு வந்துவிடுகிறது. நம் ஊரில் மருந்துக்கடையில் போகும் பணத்தில் பெரும்பகுதி மருந்துக்கே போகிறது. அதனால் அவர்களுடைய வழி இங்கே அப்படியே பொருந்தாது.

இங்கே நமக்குக் கிடைக்கும் விலைக் குறைப்பு மூன்று விதம். பில் போடும்போதே கழிப்பது தள்ளுபடி. பிறகு கழிப்பதாகச் சொல்வது புள்ளி. சொன்னபடி செய்தால் மட்டும் கழிப்பது கூப்பன். இந்த வரிசையிலேயே மதிப்பும் இறங்குகிறது என்பது என் அனுபவம். கையில் வந்த பத்து ரூபாய், வரப்போகும் பதினைந்தைவிடப் பெரிது.

தள்ளுபடி எந்தப் பணத்திலிருந்து வருகிறது?

மருந்து அட்டையின் பின்புறம் எம்ஆர்பி என்று ஒரு விலை இருக்கும். எல்லா வரியும் சேர்ந்த உச்ச விலை அது. அதற்கு மேல் ஒரு பைசாகூட யாரும் வாங்கக் கூடாது. கீழே எவ்வளவுக்கு வேண்டுமானாலும் விற்கலாம். இந்த இடைவெளிதான் தள்ளுபடி விளையும் நிலம்.

தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 1997 முதல் இயங்கி வருகிறது. அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கும் மருந்துகளுக்கு, 2013-ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, அது உச்சவரம்பு விலையை அறிவிக்கிறது. சந்தையில் 1 சதவீதமாவது பங்கு வைத்திருக்கும் நிறுவனங்கள் கடைக்காரருக்குக் கொடுக்கும் விலைகளின் சராசரியை எடுத்து, அதோடு சில்லறைக் கடைக்கு 16 சதவீதம் சேர்த்தால் அந்த உச்சவரம்பு வரும்; வரி அதற்கு மேல் தனி. பட்டியலில் இல்லாத மருந்துகளுக்குச் சில்லறைக் கடைக்கு 20 சதவீதமும் மொத்த வியாபாரிக்கு 10 சதவீதமும் விடுவது வழக்கம்.

இதைத் தெரிந்துகொண்டபோது எங்கள் ஊர்க் கடைக்காரரைப் பற்றி எனக்கிருந்த மனத்தாங்கல் போய்விட்டது. அவர் 5 சதவீதத்துக்கு மேல் குறைக்க மாட்டார். கும்பகோணத்தில் பெரிய தொடர்கடை 15, 20 என்று பலகை வைத்திருக்கிறது. அவர்கள் நிறுவனத்திடமிருந்து நேரடியாகவும் பெருமளவிலும் வாங்குவதால் மொத்த வியாபாரிக்குப் போக வேண்டிய பங்கும் அவர்கள் கையிலேயே நிற்கிறது. ஊர்க் கடைக்காரருக்கு இருப்பது அந்தச் சில்லறைப் பங்கு மட்டுமே. அதிலிருந்துதான் வாடகை, மின்கட்டணம், மருந்தாளுநர் சம்பளம் எல்லாம். அப்படியிருந்தும் இரவு பத்து மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் என்று போனால் கடையைத் திறந்து தருகிறார். சம்பா அறுத்து, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டு, பணம் வங்கிக் கணக்கில் ஏறும்வரை பலருக்குக் கடன் நோட்டில் எழுதி மருந்து தருகிறார். எந்தச் செயலியும் தராத சலுகை அது. திடீர்க் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, காயத்துக்கு மருந்து என்றால் நான் அவரிடம்தான் வாங்குகிறேன். மாதா மாதம் தவறாமல் வரும் மருந்துக்கு மட்டுமே விலை தேடிப் போகிறேன்.

எங்கள் பில் ஏன் ஏறிக்கொண்டே வந்தது என்பதற்கும் இங்கேயே விடை கிடைத்தது. பட்டியலில் உள்ள மருந்துகளின் விலை, மொத்த விலைக் குறியீட்டெண்ணை ஒட்டி ஒவ்வோர் ஏப்ரலிலும் திருத்தப்படுகிறது. 2022-இல் ஏறக்குறைய 10.8 சதவீதமும் 2023-இல் ஏறக்குறைய 12.1 சதவீதமும் ஏற்றிக்கொள்ள அனுமதி கிடைத்தது. பட்டியலில் இல்லாத மருந்துகளை ஆண்டுக்கு 10 சதவீதம்வரை நிறுவனங்களே ஏற்றலாம். விலை ஏறினால், அதே 15 சதவீதத் தள்ளுபடியின் ரூபாய் மதிப்பும் ஏறும். ‘சேமித்தது’ என்ற வரி பெரிதாகும். அம்மா மகிழ்ந்துகொண்டிருந்தது உண்மையில் விலையேற்றத்தைக் கேட்டு.

வரி குறைந்ததையும் கவனியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கியது. 112 ரூபாய்க்கு விற்ற மருந்து 105 ரூபாய்க்கு வர வேண்டும். உங்கள் கைக்கு வரும் அட்டையில் பழைய விலை அச்சாகியிருந்தால், கடை கழிக்கும் முதல் 7 ரூபாய் வரிக் குறைப்பால் வந்தது. தள்ளுபடி அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

மாத்திரை ஒன்றின் விலை

நான் கற்றவற்றில் இதையே முதன்மையாக நினைக்கிறேன். அட்டை விலையையும் தள்ளுபடிச் சதவீதத்தையும் ஓரமாக வைத்துவிட்டு, நாம் கொடுத்த பணத்தை மாத்திரைகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. ஒரே மருந்து, ஒரே மில்லிகிராம் அளவு, மூன்று இடம். முதல் கடையில் 10 மாத்திரை கொண்ட அட்டை 120 ரூபாய், 20 சதவீதம் தள்ளுபடி. 96 ரூபாய் கொடுக்கிறோம், மாத்திரை ஒன்று 9 ரூபாய் 60 காசு. இரண்டாவது கடையில் வேறு நிறுவனத்தின் மருந்து. 15 மாத்திரை கொண்ட அட்டை 105 ரூபாய், 10 சதவீதம் தள்ளுபடி. 94 ரூபாய் 50 காசு கொடுக்கிறோம், மாத்திரை ஒன்று 6 ரூபாய் 30 காசு. மூன்றாவது, ஜெனரிக் மருந்து, அதாவது நிறுவனம் வைத்த பெயர் இல்லாமல் மருந்தின் பொதுப் பெயரிலேயே வரும் மருந்து, விற்கும் அரசுத் திட்டக் கடை. 10 மாத்திரை 25 ரூபாய், தள்ளுபடி எதுவும் கிடையாது. மாத்திரை ஒன்று 2 ரூபாய் 50 காசு.

மாதத்துக்கு 30 மாத்திரை என்றால் முதல் கடையில் 288, இரண்டாவதில் 189, மூன்றாவதில் 75 ரூபாய். இப்போது பில்லின் அடிவரியைப் பாருங்கள். முதல் கடையில் ‘சேமித்தது 72’. இரண்டாவதில் ‘சேமித்தது 21’. மூன்றாவதில் அந்த வரியே இருக்காது. எங்கே அதிகம் செலவழித்தோமோ அங்கேதான் அதிகம் சேமித்ததாகக் காகிதம் சொல்கிறது.

பத்து, பதினைந்து, இருபது என்று அட்டைக்கு அட்டை எண்ணிக்கை மாறுவதும் கண்ணை ஏமாற்றும். 105 ரூபாய் அட்டைக்கும் 120 ரூபாய் அட்டைக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்று நானே நெடுநாள் நினைத்திருக்கிறேன். முன்னதில் ஐந்து மாத்திரை கூடுதலாக இருப்பதை எண்ணிப் பார்த்ததில்லை.

இதைவிடப் பெரிய ஏமாற்றம் ஒன்று இருக்கிறது. சில கடைகளில் ‘அதே மருந்துதான், வேறு கம்பெனி, 60 சதவீதம் குறைத்துத் தருகிறேன்’ என்பார்கள். 10 மாத்திரை அட்டையில் 150 ரூபாய் அச்சாகியிருக்கும். நமக்கு 60 ரூபாய். கேட்கும்போது மனம் குளிரும். ஆனால் விளம்பரமோ மருத்துவப் பிரதிநிதியோ இல்லாமல் நேரடியாகக் கடைகளுக்கு விற்கப்படும் இத்தகைய மருந்துகளில் எம்ஆர்பியை மிக உயர்த்தி அச்சிடுவது பரவலான வழக்கம். கடைக்கு அது 60 ரூபாயைவிடப் பல மடங்கு குறைவான விலைக்கு வந்திருக்கலாம். மருந்து தரமற்றது என்று இதற்குப் பொருள் இல்லை. 60 சதவீதம் என்ற எண்ணுக்குப் பொருள் இல்லை, அவ்வளவே. இங்கேயும் வகுத்துப் பாருங்கள். மாத்திரை 6 ரூபாய். பக்கத்துத் தெருவில் 2 ரூபாய் 50 காசுக்கு அதுவே கிடைக்கலாம்.

ஒரு மருந்தின் உச்சவரம்பு விலை என்ன, அதே மருந்தை வேறு எந்த நிறுவனங்கள் என்ன விலைக்கு விற்கின்றன என்று பார்க்க ‘பார்மா சஹி தாம்’ என்ற செயலியை விலை நிர்ணய ஆணையமே வைத்திருக்கிறது. கட்டணம் இல்லை. பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் பத்து நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடும்.

அதே மருந்து, வேறு பெயர்

அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது நிறுவனம் வைத்த பெயர். அதன் கீழே சிறிய எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் பெயர். சர்க்கரைக்கு மெட்பார்மின், இரத்தக் கொதிப்புக்கு அம்லோடிபின் அல்லது டெல்மிசார்டான், கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாடின் என்று இருக்கும். பக்கத்தில் மில்லிகிராம் அளவு இருக்கும். சில அட்டைகளில் எஸ்ஆர், எக்ஸ்ஆர் போன்ற எழுத்துகள் ஒட்டியிருக்கும். மெதுவாகக் கரையும் மாத்திரை என்று பொருள். பெயர், அளவு, இந்த ஒட்டெழுத்து மூன்றும் ஒன்றாக இருந்தால்தான் இரண்டு அட்டைகளின் விலையை ஒப்பிட வேண்டும்.

இங்கே ஒரு சட்டத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகளின்படி, மருத்துவர் சீட்டு வேண்டிய மருந்துகளில், சீட்டில் ஒரு பெயர் எழுதியிருக்க அதற்குப் பதிலாக வேறொன்றைக் கடைக்காரர் தாமாகக் கொடுக்கக் கூடாது. அதனால் கடையில் போய் வாதாடிப் பயனில்லை. கேட்க வேண்டிய இடம் மருத்துவரின் அறை. மருந்தின் பொதுப் பெயரைத் தெளிவாக எழுத வேண்டும் என்று மருத்துவர்களுக்கான ஒழுக்க விதிகளில் 2016-இல் செய்த திருத்தம் சொல்கிறது. அம்மாவின் மருத்துவரிடம், ‘ஐயா, மருந்தின் பெயரையும் சேர்த்து எழுதித் தர முடியுமா? மாதா மாதம் வாங்க வேண்டியிருக்கிறது’ என்று கேட்டேன். தயங்காமல் எழுதிக் கொடுத்தார். கேட்க நான்தான் நான்கு ஆண்டுகள் தயங்கியிருந்தேன்.

எல்லா மருந்தையும் இப்படி மாற்றிவிடக் கூடாது. வலிப்பு மருந்து, தைராய்டு மருந்து, இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின் போன்றவற்றில் அளவு சிறிது மாறினாலும் உடல் தாங்காது. இவற்றில் நிறுவனத்தை மாற்றுவதாக இருந்தால் மருத்துவர் பார்வையில்தான் மாற்ற வேண்டும்; தேவைப்பட்டால் இரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். முப்பது ரூபாய்க்காகத் தொட வேண்டிய இடம் அல்ல இது.

குறைந்த விலைக்கு எங்கே போவது? மத்திய அரசின் ஜன் ஔஷதித் திட்டம் 2008-இல் தொடங்கியது. நம் பக்கத்தில் மக்கள் மருந்தகம் என்ற பெயர்ப் பலகையோடு இருக்கிறது. பெண்களுக்கான நாப்கின் ஒன்று 1 ரூபாய்க்கு அங்கே 2019 முதல் விற்கப்படுகிறது. வீட்டில் பெண் பிள்ளைகள் இருப்பவர்கள் அதற்காகவே ஒருமுறை போய்ப் பார்க்கலாம். தமிழ்நாடு அரசு 2025 பிப்ரவரி 24 அன்று 1,000 முதல்வர் மருந்தகங்களைத் திறந்தது. அவற்றில் ஜெனரிக் மருந்துகள் சந்தை விலையைவிட 75 சதவீதம்வரை குறைவாகக் கிடைக்கும் என்று அரசு அறிவித்தது. கூட்டுறவுச் சங்கங்கள் நடத்தும் மருந்தகங்களும் பல ஊர்களில் உண்டு. எல்லா மருந்தும் எல்லா நாளும் இருப்பில் இருக்காது என்பதுதான் இவற்றில் உள்ள சிரமம். அதனால் கடைசி மாத்திரை தீரும் நாள்வரை காத்திராமல், ஒரு வாரத்துக்கு முன்பே போக வேண்டும். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் இரண்டு முறை அலைந்தாலும் எனக்குச் செலவில்லை. பேருந்துக்குக் காசு கொடுத்துப் போகிறவர்கள் அதையும் மாத்திரை விலையில் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இலவசமாகவே கிடைப்பதை மறந்துவிட்டு விலையைத் தேடிக்கொண்டிருந்ததும் எங்கள் வீட்டில் நடந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை இலவசம். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அதை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, திருவாரூர், நாகப்பட்டினம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் தொற்றா நோய்களுக்கு மருந்து தருகிறார்கள். தனியார் மருத்துவரைப் பார்ப்பவர்கள் அங்கே போகக் கூடாது என்று விதி எதுவும் இல்லை. சீட்டைக் காட்டி, எந்த மருந்து அங்கே கிடைக்கும் என்று கேட்டுவிட்டு, கிடைக்காததை மட்டும் வெளியே வாங்கினால் போதும்.

புள்ளிக் கணக்கு

மேலே சொன்னதை எல்லாம் செய்த பிறகுதான் புள்ளிக்கு வர வேண்டும். ‘100 ரூபாய்க்கு 2 புள்ளி’ என்றால் முதலில் கேட்க வேண்டியது ஒரு புள்ளியின் மதிப்பு. ஒரு ரூபாய் என்றால் 2 சதவீதம். 25 காசு என்றால் அரை சதவீதம். ‘உங்கள் கணக்கில் 1,000 புள்ளி’ என்று வரும் குறுஞ்செய்தி 1,000 ரூபாயாகவும் இருக்கலாம், 250 ரூபாயாகவும் இருக்கலாம். டாடா குழுமத்தின் நியூகாயின் போன்ற சிலவற்றில் ஒன்று ஒரு ரூபாய்க்குச் சமம். மற்றவற்றில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மாதம் 1,500 ரூபாய்க்கு வாங்கும் குடும்பத்துக்கு 2 சதவீதம் என்பது 30 ரூபாய், ஆண்டுக்கு 360. வேண்டாம் என்று தள்ளக் கூடிய தொகை இல்லை. ஆனால் முன்பு சொன்ன எடுத்துக்காட்டில் 288 ரூபாய் மாத்திரையை 75 ரூபாய்க்கு மாற்றினால் ஒரே மருந்தில் ஆண்டுக்கு 2,556 ரூபாய் மிஞ்சுகிறது. புள்ளிக்காக விலை கூடிய கடையையே பிடித்துக்கொண்டிருப்பது, வாய்க்கால் உடைந்து வெள்ளம் போகும்போது வரப்பில் கசிவை அடைப்பது போன்றது.

கெடுவைப் பார்க்க வேண்டும். ஒருமுறை எங்கள் கணக்கில் 180 புள்ளி சேர்ந்திருந்தது. தீபாவளிக்குப் பிறகு பயன்படுத்தலாம் என்று வைத்திருந்தேன். போய்க் கேட்டபோது ஆறு மாதக் கெடு முடிந்துவிட்டது என்றார்கள். இன்னொரு நிபந்தனை, ஒரு பில்லில் இவ்வளவுக்கு மேல் புள்ளியைக் கழிக்க முடியாது என்பது. தள்ளுபடி கொடுத்த பொருளுக்குப் புள்ளி இல்லை என்பது மற்றொன்று. சேரும் நாளிலேயே இந்த மூன்றையும் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டில் மூன்று பேர் மூன்று எண்ணைச் சொல்லி வாங்கினால் புள்ளி மூன்று இடத்தில் சிதறி, எதிலும் பயன்படுத்தும் அளவுக்குச் சேராது. ஒரே எண்ணைச் சொல்லுங்கள்.

ஆனால் அந்த எண் யாருடையது என்பதை யோசித்துச் சொல்லுங்கள். என்ன வாங்கினோம் என்பது நம் உடம்பின் கதை. எங்கள் தெருவில் ஒரு பெண், மாமனாரின் எண்ணில் புள்ளி சேரட்டும் என்று விட்டிருந்தாள். அவள் யாரிடமும் சொல்லாத ஒரு சிகிச்சைக்கான மாத்திரை தீரப்போகிறது என்ற நினைவூட்டல் அவருடைய போனுக்குப் போனது. அவள் அழுததை நான் பார்த்தேன். 30 ரூபாய்ப் புள்ளிக்கு இது மிகப் பெரிய விலை. வாடிக்கையாளரிடம் கைபேசி எண்ணைக் கட்டாயப்படுத்திக் கேட்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதத்தில் சில்லறைக் கடைகளுக்கு அறிவுறுத்தியது. எண் இல்லாமல் பில் போடுங்கள் என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. சொல்லிப் பழக வேண்டும், குறிப்பாகப் பெண்கள்.

பணம் கட்டிச் சேரும் உறுப்பினர் திட்டங்களுக்கு ஒரு வகுத்தல் போதும். ஆண்டுக்கு 199 ரூபாய், கூடுதலாக 5 சதவீதம் தள்ளுபடி என்று வைத்துக்கொள்வோம். 199-ஐ 5 சதவீதத்தால் வகுத்தால் 3,980. ஆண்டுக்கு அந்தக் கடையில் 3,980 ரூபாய்க்கு மேல் வாங்குவோம் என்றால் சேரலாம். மாத மருந்து இருக்கும் வீட்டுக்கு இது லாபமே. எப்போதாவது காய்ச்சல் மாத்திரை வாங்கும் வீட்டுக்குப் பணம் வீண்.

கூப்பன்

கூப்பன் பெரும்பாலும் இணையத்தில் விற்கும் மருந்துக்கடைகளின் வழி. சிங்கப்பூரிலோ திருப்பூரிலோ இருக்கும் பிள்ளை, திருத்துறைப்பூண்டியில் இருக்கும் பெற்றோருக்குப் போனிலேயே மருந்து அனுப்பிவிட முடிகிறது. நல்ல வசதிதான். கூப்பனின் சிறிய எழுத்தைப் படித்தால் இன்னும் நல்லது.

‘20 சதவீதம் தள்ளுபடி, அதிகபட்சம் 100 ரூபாய்’ என்று இருந்தால் 500 ரூபாய் வரைதான் அது 20 சதவீதம். 1,500 ரூபாய்க்கு வாங்கினால் 7 சதவீதம்கூட இல்லை. அனுப்பும் கட்டணம், கையாளும் கட்டணம் என்று கடைசிப் பக்கத்தில் ஏறுவதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ‘முதல்முறை வாங்குபவருக்கு’ என்ற கூப்பனை நம்பி மாதச் செலவைக் கணக்கிட்டால் இரண்டாவது மாதம் கணக்கு உதைக்கும்.

குறைந்தபட்சத் தொகையில்தான் நான் விழுந்தேன். 999 ரூபாய்க்கு வாங்கினால் 100 ரூபாய் தள்ளுபடி. எங்கள் மருந்து 860 ரூபாய்தான் வந்தது. தொகையை எட்டுவதற்காக 180 ரூபாய்க்கு ஒரு சத்து மாத்திரை டப்பாவைச் சேர்த்தேன். 1,040-இல் 100 போக 940 ரூபாய் கட்டினேன். 100 ரூபாய் மிச்சம் என்று நினைத்த நாளில் 80 ரூபாய் கூடுதலாகப் போனது. அந்த டப்பாவைத் திறக்காமலே காலாவதித் தேதி வந்துவிட்டது. அரிசியோ சோப்போ என்றால் கூடுதலாக வாங்கினாலும் தீர்ந்துவிடும். மருந்தை அப்படித் தீர்க்க முடியாது, தீர்க்கவும் கூடாது. அட்டையில் சிவப்புக் கோடு போட்ட ஆன்டிபயாடிக் மருந்துகளைச் சலுகை இருக்கிறதே என்று வாங்கி வீட்டில் வைப்பது ஆபத்து. அடுத்த காய்ச்சலுக்கு யாராவது தாமாக எடுத்துப் போட்டுக்கொள்வார்கள்.

மூன்று மாத மருந்தை ஒன்றாக வாங்கினால் கூடுதல் தள்ளுபடி என்பதிலும் நிதானம் வேண்டும். அடுத்த பரிசோதனையில் மருத்துவர் அளவை மாற்றினால் மீதி வீணாகும். பரிசோதனைக்கு முன்பு ஒரு மாதத்துக்கு மேல் நான் வாங்குவதில்லை. ஐப்பசிக்கு முன்பு மட்டும் இதற்கு விலக்கு. ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் மழை எப்படி வரும் என்று சொல்லத் தேவையில்லை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கத்தில் கரையைக் கடந்த பிறகு சாலையும் மின்சாரமும் இல்லாமல் கிடந்த ஊர்களில் மாத்திரைக்காக அலைந்தவர்கள் உண்டு. அதனால் மழைக்காலத்தில் கூப்பன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பதினைந்து நாள் மருந்து கூடுதலாக வீட்டில் இருக்கட்டும். கூரியர் வரும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். இன்சுலினை எந்தக் காலத்திலும் கூப்பனுக்காகத் தொலைவிலிருந்து வரவழைக்க எனக்கு மனம் வராது. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் வண்டியில் கிடந்து வந்தால் வீரியம் போயிருக்கும், பார்த்தால் தெரியாது. குளிர்சாதனப் பெட்டி வைத்திருக்கும் பக்கத்துக் கடையில் முழு விலை கொடுத்து வாங்குவதே நல்லது.

எங்கே வாங்கினாலும் பில்லைக் கேட்டு வாங்குங்கள். அதில் மருந்தின் தொகுப்பு எண்ணும் (பேட்ச் நம்பர்) காலாவதித் தேதியும் இருக்கும். அட்டையோடு ஒப்பிட்டுவிட்டுக் கடையை விட்டு இறங்குங்கள். பெரிய தள்ளுபடியில் கிடைக்கும் சத்து மாவு, சத்து மாத்திரைகளில் காலாவதித் தேதி நெருங்கியிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வெட்டாத அட்டையை எத்தனை நாளுக்குள் திருப்பி எடுப்பார்கள் என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் நோட்டில் இப்போது ஐந்து மருந்துக்கும் நேராக மாத்திரை ஒன்றின் விலை எழுதியிருக்கிறது. இரண்டு மருந்து சுகாதார நிலையத்திலிருந்து வருகிறது. இரண்டை மக்கள் மருந்தகத்தில் வாங்குகிறேன். வயிற்று மாத்திரை ஒன்று மட்டும் மருத்துவர் மாற்ற வேண்டாம் என்றதால் பழைய கடையிலேயே. அங்கே மீதமிருந்த 140 புள்ளியைக் கெடு முடிவதற்கு ஒரு வாரம் முன்பு கொடுத்து, பஞ்சும் வெப்பமானியும் வாங்கி வந்தேன்.